வட்டவளைக்கு எதிர்க்காற்று

மலைநாட்டில் சைக்கிள் வைத்திருப்பவனை ஊர் இரண்டு விதமாகத்தான் பார்க்கும். ஒன்று, அவன் பேக்கரிப் பாண் விற்பவன். இல்லையென்றால் மூளை கொஞ்சம் கழன்றவன். நான் பாண் விற்கவில்லை. நுவரெலியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்குச் சைக்கிள் இல்லையென்றால் கை ஒடிந்த மாதிரி. எண்பத்தைந்தில் முதல் நியமனம் கிடைத்து மலைக்கு வந்தபோது என் றலி சைக்கிளையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தேன். விடுமுறை விட்டால் கரியரில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவேன். வெலிமடை, பண்டாரவளை, கண்டி, ஒருமுறை மாத்தளை வரைக்கும் போயிருக்கிறேன். ஏற்றத்தில் உருட்டுவேன், இறக்கத்தில் ஓடுவேன். "மாஸ்டரு சைக்கிள ஓட்டுறாரா, சைக்கிளு மாஸ்டர ஓட்டுதான்னே தெரியலீங்களே" என்று என் மனைவியின் அண்ணன் வீரய்யா கேலி செய்வார்.

என் மனைவி நாகலெட்சுமி வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். என் முதல் பள்ளிக்கூடம் அந்தத் தோட்டத்தில்தான். பக்கத்திலேயே பிள்ளைக் காம்பரா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளை அவள் அங்கே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்பத்தெட்டில் கட்டிக்கொண்டோம். 'தோட்டக்காட்டில் பெண் எடுத்தவன்' என்று என் வீட்டில் ஒருவரும் கலியாணத்துக்கு வரவில்லை. அவளுக்குச் சின்ன வயதிலேயே இருதயத்தில் வால்வு பழுது. பிள்ளை பெறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தெரிந்துதான் கட்டினேன். இதைத் தியாகம் மாதிரிச் சொல்லவில்லை. அவள் சிரித்தால் எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

தொண்ணூற்றெட்டு வைகாசியில் என் அக்கா யோகராணி கொழும்பிலிருந்து குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பத்து வருடக் கோபம் தீர்ந்து வந்திருக்கிறாள் என்று லெட்சுமி ஓடி ஓடிக் கவனித்தாள்.

"ஒக்காருங்க அண்ணி. அவுங்க இப்ப வந்துருவாங்க. தேத்தண்ணி ஊத்தட்டுங்களா?"

இரவுச் சாப்பாட்டின்போது அக்கா அதை அப்படியே நடித்துக் காட்டினாள். "வந்துருவாங்க, போயிருவாங்க, ஊத்தட்டுங்களா." மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருப்பது எனக்கு எந்தக் காலத்தில் வந்தது? நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, "நானும் பத்து வருசமா இவவுக்குத் தமிழ் படிப்பிக்கிறன் அக்கா, ஏறுதில்லை" என்றேன். லெட்சுமி சோற்றுக் கோப்பையோடு கதவடியில் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நல்லது. அதற்குப் பிறகு என்னோடு பேசும்போது வாயைத் திறந்து, பாதியில் நிறுத்தி, சொல்லைத் தேடத் தொடங்கினாள். ஒருநாள் சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு "ஓம்" என்றாள். பத்து வருடமாக "ஆமாங்க" என்றவள். அந்த "ஓம்" எனக்குள் குத்தியது. குத்தியது என்று வாயைத் திறந்து சொன்னேனா? இல்லை. ஆனி மாதம் தோட்டத்துத் திருவிழாவுக்கு என்று அண்ணன் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. உடம்புக்குக் கொஞ்சம் முடியவில்லை, இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். நாற்பத்தொரு நாள் ஆயிற்று. மூன்று கடிதம் எழுதினேன். மூன்றிலும் பிழை கண்டுபிடித்து நானே கிழித்துப் போட்டேன். ஆவணி விடுமுறைக்கு எட்டு நாள்தான் இருந்தது. விடுமுறை விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே போவது, காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்து வைத்திருந்தேன்.

ஆடிக் காற்று அந்த வருடம் பேயாட்டம் ஆடியது. ரயில் பாதையில் மரங்கள் விழுந்து இரண்டு நாளாக ரயில் இல்லை. அது போதாதென்று பஸ்காரர்களின் வேலைநிறுத்தம் வேறு. கல்லெறிக்குப் பயந்து வான்களும் ஓடவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஏழு இருபதுக்கு, என் வீட்டுக்கு முன்னால் இருந்த பேக்கரி முதலாளி, "மாஸ்டர், கோல் எக்கக்!" என்று சிங்களத்தில் கூப்பிட்டார். எங்கள் வீட்டுக்கு வரும் அழைப்பெல்லாம் அவருடைய டெலிபோனுக்குத்தான் வரும். ஓடிப்போய் எடுத்தேன். கூரைத் தகரம் அடித்துக்கொண்டிருந்தது. குரல் வந்து வந்து போனது.

"மாஸ்டருங்களா? வீரய்யா பேசுறேங்க. தங்கச்சி மோசமாப் போயிருச்சுங்க."

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எப்ப?"

"விடியக்காலையிலதாங்க. அது வரைக்கும் ஒங்களயேதான் கேட்டுக்கிட்டு இருந்துச்சு."

"எப்ப எடுக்கிறியள்?"

"நாளைக்குக் காலையிலதான்னு டிஸ்பென்சர் ஐயா சொல்றாருங்க. நீங்க வந்துருங்க மாஸ்டர். நீங்க வராம..."

அதோடு தொடர்பு அறுந்துவிட்டது. திரும்ப எடுத்துப் பார்த்தோம். தோட்டத்துக்கு லைன் போகவில்லை.

எங்கள் ஊரில் ஒருவர் 'மோசம் போயிட்டார்' என்றால் செத்துப்போனார் என்று அர்த்தம். செத்தார் என்று சொல்ல வாய் வராதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மலையில் 'மோசமாப் போச்சு' என்றால் நோய் கடுமையாகிவிட்டது என்று மட்டுந்தான். பிறகு அந்தப் 'போயிருச்சு', 'இருந்துச்சு.' தங்கையையும் மகளையும் செல்லமாக அஃறிணையில் சொல்வது அவர்கள் வழக்கம். எங்களுக்கு அஃறிணையானால் அது பிணம். எப்போது எடுக்கிறீர்கள் என்று நான் கேட்டது சுடலைக்கு. அவர் பதில் சொன்னது, தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிஸ்பென்சர் அனுப்பச் சொன்ன கண்டி ஆஸ்பத்திரிக்கு. நாற்பத்தாறு வயது, பதின்மூன்று வருடத் தமிழ் வாத்தியார், பத்து வருடம் அந்தப் பேச்சோடு ஒரே வீட்டில் குடியிருந்தவன், கனகலிங்கம் என்கிற எனக்குத்தான் அந்தத் தமிழ் விளங்கவில்லை.

பிறகு ஒளித்துச் சொன்னேன் என்று ஒருவரும் குறை சொல்லவேண்டாம், இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த அழைப்பு வந்தபோது என் மனைவி உயிரோடு இருந்தாள். பிற்பகல் மூன்று பத்து வரை உயிரோடுதான் இருந்தாள். எனக்கு எட்டு மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் குறைவாக இருந்தது. வழியோ அறுபது கிலோமீட்டருக்குள். எந்தக் காற்றாக இருந்தாலும் என்னால் போய்ச் சேர்ந்திருக்க முடியும்.

ஏழரைக்குப் புறப்பட்டிருக்க வேண்டியவன் ஒன்பதே காலுக்குத்தான் புறப்பட்டேன். முதலில் அழுதேன். பிறகு தலையில் தண்ணீர் வார்த்தேன். சடங்குக்கு வெள்ளை வேட்டி வேண்டுமே என்று பெட்டியெல்லாம் கிண்டினேன். பிறகு பள்ளிக்கூட அதிபருக்கு விடுமுறைக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'எனது மனைவி இன்று அதிகாலை காலமானார் என்பதை ஆழ்ந்த துயருடன் அறியத் தருகிறேன்.' 'துயருடன்' என்பதா 'துயரத்துடன்' என்பதா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நானுஓயா வரை மரங்கள் காற்றை மறைத்தன. அதைத் தாண்டியதும் ஆரம்பித்தது. தென்மேற்குக் காற்று அந்தப் பாதை முழுக்க நேரே முகத்தில் அடிக்கும். எங்கள் ஊர்ச் சோளகம் தெரிந்தவன் நான். பருத்தித்துறை வீதியில் சோளகத்தை எதிர்த்துக் குனிந்து மிதித்து வளர்ந்த கால்கள்தான் இவை. ஆனால் சோளகம் ஒரே சீராக வீசும், அதோடு ஒரு உடன்பாட்டுக்கு வரலாம். இந்த மலைக்காற்று நாணயமில்லாதது. வளைவு திரும்பும் வரை பேசாமல் இருந்துவிட்டு, திரும்பியதும் நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். லிந்துலை இறக்கத்தில் நான் மிதித்துக்கொண்டு போனேன். அதாவது, மிதிக்காவிட்டால் சைக்கிள் இறக்கத்திலேயே நின்றுவிடும். மழை துளியாக விழவில்லை, படுக்கையாக வந்தது. கண்ணைத் திறந்தால் ஊசி.

மிதித்துக்கொண்டே அவளோடு கதைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். நன்றாகவே கேட்டேன், சொற்கள் தாராளமாக வந்தன. கடிதத்தில் வராத சொல்லெல்லாம் வந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. நெஞ்சின் ஒரு ஓரத்தில் நிம்மதி இருந்தது. இனி அவளுடைய முகத்துக்கு நேரே நின்று, அவள் என்னைப் பார்க்கப் பார்க்க, 'நான் செய்தது பிழை' என்று சொல்லத் தேவையில்லை. உயிரோடு இருக்கும் மனைவியைவிடச் செத்துப்போன மனைவியிடம் போவது எனக்கு லேசாக இருந்தது. இப்படிப்பட்ட மனிதன்தான் நான்.

பதினொரு மணிக்குத் தலவாக்கலை சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். அதைப் பார்த்தால் அரை மணித்தியாலம் போகும் என்பது வழக்கம். நானாகவே முந்திக்கொண்டு, "மகே நோனா நெத்தி வுனா மஹத்தயா" என்றேன். என் மனைவி இறந்துவிட்டாள் என்று சிங்களத்தில் மரியாதையாகச் சொல்வது அப்படித்தான். அந்த ஆமிக்காரனுக்கு என் மூத்த மாணவர்களின் வயதுதான் இருக்கும். அட்டையை மூடி என் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். தெருவோரம் ஒரு ட்ரக் எஞ்சினை ஓடவிட்டபடி நின்றது.

"ஹற்றனுக்குப் போகிறது. சைக்கிளையும் போட்டுக்கொண்டு ஏறுங்கள் ஐயா" என்று சிங்களத்தில் சொன்னான். தானே வந்து ஹேண்டிலைப் பிடித்தான்.

ஏறியிருந்தால் பன்னிரண்டு மணிக்குள் ஹற்றன். அங்கிருந்து வட்டவளை, உருட்டிக்கொண்டு போனாலும் இரண்டு மணிக்குள். எங்களில் யார்தான் அந்தக் காலத்தில் ஆமி ட்ரக்கில் மனதார ஏறுவான், அது ஒரு காரணம். ஆனால் அவனுக்கு நான் சொன்ன காரணம் வேறு.

"ஹதிஸியக் நே" என்றேன். அவசரமில்லை.

அவன் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தான். ட்ரக் போய்விட்டது.

தலவாக்கலைக்குப் பிறகு ஏற்றம். பத்தனைப் பக்கம், பள்ளத்தாக்குத் திறந்து அருவி தெரியும் வளைவில் காற்று என்னைத் தூக்கிப் போட்டது. மிகைப்படுத்தவில்லை. சைக்கிளும் நானும் தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கக் கல்லுக்குப் போனோம். முழங்கால் கிழிந்து இரத்தம் வந்தது. எழுந்து உருட்டினேன். பத்து அடி போவேன், பிறகு சைக்கிளுக்குப் பின்னால் குந்திக்கொள்வேன். அப்படியே ஒரு மணித்தியாலம் போயிற்று. தேயிலைச் செடிகள் மட்டும் ஆடாமல் அசையாமல் நின்றன. அருவித் தண்ணீர் கீழே விழாமல் மேல்நோக்கிப் பறந்தது.

ஒன்றரை மணியளவில் ஒரு தேத்தண்ணிக் கடை கண்ணில் பட்டது. அரைக் கதவு மட்டும் திறந்திருந்தது. கடைக்காரி ராசம்மாவை முன்பே தெரியும். வட்டவளைக்குச் சைக்கிளில் போகும்போதெல்லாம் அங்கேதான் நிற்பேன்.

"ஐயோ, மாஸ்டருங்களா! இந்தக் காத்துல எங்கிட்டுங்க போறீங்க? காலெல்லாம் ரத்தம்."

"மனிசி மோசம் போயிட்டா" என்றேன்.

இதைக் கவனியுங்கள். நான் சொன்ன அதே சொல் அவளுக்கும் அவளுடைய அர்த்தத்தில்தான் விளங்கியது.

"அப்ப ஏங்க நிக்கிறீங்க? ஓடுங்க, ஓடுங்க! ஆஸ்பத்திரியிலயா வச்சிருக்காங்க?"

எனக்கு எரிச்சல் வந்தது. துக்கத்தில் இருப்பவனிடம் இந்த மனுஷி என்ன கேள்வி கேட்கிறாள் என்று கோபம். அவளுக்கும் தமிழ் விளங்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

"செத்துப்போனா எண்டு சொல்லுறன், அம்மா. செத்துப்போனா. விடியக்காலமை."

ராசம்மா தலையில் கைவைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள். அந்த ஒரு நிமிடம் என் கையில் இருந்தது. அவள் என்னை ஓடு என்று விரட்டினாள், நான் அவளைத் திருத்தினேன். திருத்துவதுதானே என் தொழில்.

"அப்பறம் இனிமே அவசரப்பட்டு என்னாங்க ஆகப்போவுது" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒக்காருங்க. காத்து கொஞ்சம் தணியட்டும். காலக் கழுவித் தாரேன்."

உட்கார்ந்தேன். அவள் மஞ்சள் வைத்துக் காலைக் கட்டினாள். பிளேன்டீ தந்தாள், அது முடிய இன்னொன்றும் தந்தாள். அடுப்படி சூடாக இருந்தது. அக்கா வந்த நாளில் நடந்ததை அவளிடம் சொன்னேன். ஒருவருக்கும் சொல்லாததை, ஏனோ, சொல்லிவிட்டேன். அவள் குறைசொல்லவில்லை.

"அவுங்க அதயெல்லாம் மனசுல வச்சிருக்க மாட்டாங்க மாஸ்டர்" என்றாள். "ஒங்க மேல உசுரு அவுங்களுக்கு. போன தடவ ரெண்டு பேரும் வந்தப்ப, நீங்க அங்கிட்டு நின்னு டயருக்குக் காத்தடிச்சீங்க. அவுங்க ஒங்களயே பாத்துக்கிட்டு இருந்தாங்க. என்னாங்க அப்புடி பாக்குறீங்கன்னு கேட்டேன். 'எங்க வீட்டுக்காரரு எவ்வளவு படிச்சவரு, எனக்காக இந்த மலையெல்லாம் மிதிக்கிறாரு பாருங்க'ன்னாங்க."

அதைக் கேட்டு வாய்விட்டு அழுதேன். அழுது முடியும்போது இரண்டு மணி தாண்டியிருந்தது. காற்று தணியவில்லை. ஆனாலும் புறப்பட்டேன், கொட்டகலையைத் தாண்டி ஹற்றனுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஊரே மூடிக் கிடந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பூட்டிய கடை வாசலில் ஒதுங்கி, சப்பாத்தைக் கழற்றி, ஈரக் காலுறையைப் பிழிந்தேன். மணிக்கூட்டைப் பார்த்தது நினைவிருக்கிறது. மூன்று எட்டு. ஒரு காலுறையைப் பிழிந்து முடித்து மற்றதைப் பிழிய இரண்டு நிமிடம் போதும்.

ஹற்றனிலிருந்து வட்டவளை இறக்கம். இறக்கம் என்று சொல்வது வீதிப் பலகைக்குத்தான். ரொசல்லையைத் தாண்டும் வரை மிதித்தேன். கால் இனி என் கால் இல்லை என்று ஆகிவிட்டது. தோட்டத்துப் பாதையில் திரும்பியபோது நாலேகால் ஆகிவிட்டது. பாதையெல்லாம் சேறு. சைக்கிளை உருட்டினேன்.

அந்தத் தோட்டத்தில் சாவு என்றால் அரை மைலுக்கு முன்பே தப்புச் சத்தம் கேட்கும். ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளைக் கொடி கட்டவில்லை. பாதையில் ஒரு தென்னோலைத் தோரணம்கூட இல்லை. எனக்கு வீரய்யாமேல் கோபம் வந்தது. ஒரே தங்கை, அவளுக்கு ஒரு தப்பு அடிக்க வைக்கவும் மனம் வரவில்லையா இந்த மனுஷனுக்கு? காலையில் போனவளுக்கு மாலை வரை ஒரு ஏற்பாடும் இல்லையா? போனதும் இதைக் கேட்பது என்று சொற்களை அடுக்கிக்கொண்டே தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தடிக்கு வந்தேன்.

லய வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் நின்றார்கள். என்னைக் கண்டதும் பெண்கள் குரலெடுத்தார்கள். வீரய்யா ஓடி வந்து சைக்கிளைப் பிடித்தார். அவர் முகம் வீங்கியிருந்தது. என் தோளில் சாய்ந்து அழுதார். நான் உள்ளே போனேன்.

லெட்சுமியை வாசலுக்கு நேரே பாயில் கிடத்தியிருந்தார்கள். இன்னும் குளிப்பாட்டவில்லை. மூக்கில் பஞ்சு வைக்கவில்லை. பழைய நீலச் சேலை, நான் வாங்கிக் கொடுத்தது. தலைமாட்டில் ஒரு பாதி குடித்த கொத்தமல்லித் தண்ணீர். பக்கத்தில் மண்டியிட்டு அவள் கையை எடுத்தேன்.

கை சூடாக இருந்தது.

முதலில் எனக்கு அது விளங்கவில்லை. என் கைதான் விறைத்துப்போயிருக்கிறது, அதனால் அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன். கழுத்தைத் தொட்டேன். கழுத்தும் சூடு. உதட்டோரம் ஈரம்கூடக் காயவில்லை.

"வீரய்யா" என்றேன். "எப்ப?"

"மூணு பத்துக்குங்க மாஸ்டர். இந்தா, இப்பத்தான்."

"விடியக்காலமை எண்டு சொன்னியளே. டெலிபோனிலை."

"ஆமாங்க, விடியக்காலையிலதாங்க மோசமாச்சு. அதான் ஒடனே ஒங்களுக்குப் போன் பண்ணேன். தோட்டத்து லொறி கொழும்புக்குப் போயிருக்கு, ராவைக்கு வந்துரும், காலையில கண்டிக்குக் கொண்டு போயிரலாம்னு டிஸ்பென்சர் ஐயா சொன்னாரு. அதுக்குள்ள..."

நான் அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து மனதுக்குள் வைத்துப் பார்த்தேன். போயிருச்சு. மோசமாப் போயிருச்சு. ஒரு 'ஆ' என்ற எழுத்து. அது காற்றில் போகவில்லை. அவர் சரியாகத்தான் சொன்னார், எனக்கும் கேட்டது. கேட்ட சொல்லை என் ஊர்ச் சொல்லாக மாற்றிக்கொண்டது நான்.

வீரய்யாவின் மனைவி மீனம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். லெட்சுமியின் தலைமயிரை ஒதுக்கிவிட்டுக்கொண்டே பேசினாள்.

"காலையில ஒங்களுக்குச் சொல்லியாச்சுன்னதும் பாயத் தூக்கி வாசலுக்கு நேரா போடச் சொல்லிச்சுங்க. பஸ்ஸு இல்லியே, எப்புடி வருவாருன்னேன். 'அவுங்க சைக்கிள்ல வருவாங்க அண்ணி'ன்னு சிரிச்சிச்சு. பொழுதுக்கும் வாசலயே பாத்துக்கிட்டு கெடந்துச்சு. ரெண்டு மணி போல காத்து ரொம்ப அடிக்கவும் பயந்துருச்சு. ரோட்டுல வர்ற யாருகிட்டயாச்சும் சொல்லிவிடுங்க அண்ணி, அவுங்க அவசரப்பட்டு வந்து விழுந்துறப் போறாங்க, மெதுவா வரட்டும், நான் இருக்கேன்னு சொல்லுங்கன்னு சொல்லிச்சு."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பகல் முழுக்கச் சைக்கிளில் அவளிடம் கேட்ட மன்னிப்பில் ஒரு சொல்லும் இப்போது வாயில் இல்லை. ஏழு மணித்தியாலம் இந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணை மூடிவிட்டிருந்தார்கள்.

வீரய்யா என் கிழிந்த முழங்காலையும் சேற்றையும் அப்போதுதான் கண்டார். கூடியிருந்தவர்களும் கண்டார்கள். அவர் குனிந்து என் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்லும் குரலில் கேட்டார்.

"காத்து வுடலியா மாஸ்டர்?"

சொல்வதற்கு அதுதான் நேரம். எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓம்" என்றேன். "சரியான காத்து."

"பாவம், நீங்க என்ன செய்வீங்க" என்றார் வீரய்யா. பெண்கள் மறுபடியும் குரலெடுத்தார்கள். ஒருத்தி ஒப்பாரியில் என்னையும் சேர்த்துப் பாடினாள். மனைவி முகம் பார்க்க ஆடிக் காற்றோடு மல்லுக்கட்டி வந்த மகராசன் என்று பாடினாள். நான் லெட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கை ஆறிக்கொண்டே வந்தது.